கழுகில் ஏற ஒரு விரல் குறைவு

அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்தாலே எந்தக் கடையில் சீருடை தைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். சட்டைக் கை விரல் நுனியைத் தொட்டுக்கொண்டும், கால்சட்டை செருப்பை விழுங்கிக்கொண்டும் இருந்தால், அது பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, சாவி வெட்டுகிறவர் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் இருக்கும் தையல்காரியின் கைவேலை. வளர்கிற பிள்ளைக்கு இரண்டு விரல் விட்டுத்தான் தைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஏம்மா, சட்டைக்குள்ள என் பையன் இருக்கானா, இல்ல சட்டை மட்டும் தனியா நடந்து போகுதா?" என்று ஒரு தாய் வந்து நிற்பாள்.

"வருஷக் கடைசியில வந்து கேளுங்க. கச்சிதமா இருக்கும்."

"வருஷக் கடைசியில சட்டையே இருக்காதேம்மா!"

அவள் சிரித்துக்கொண்டே மெஷினை மிதிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு சீருடைத் தொழிற்சாலையில் காலர் மட்டுமே தைத்துக்கொண்டிருந்தவள். பிறகு சொந்தக் கடை. அந்தக் கடைக்கு ஒரு நாள் தொழிற்சாலை கேன்டீன் சமையல்காரர் ஒருவர் பேன்ட் இடுப்பைப் பெரிதாக்க வந்தார். மறுமாதமும் வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது, இவர் இடுப்புக்காக வரவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்போது அவர்களுக்கு ஒரு மகள். ஆள் சின்னது, குரல் பெரிது. பட்டாணி என்று கூப்பிடுவார்கள்.

தையல்காரிக்கு ஒரே ஒரு பயம், உயரம். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால்கூட, இருட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாக உயரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க நேர்ந்தது பட்டாணியால்தான்.

போன வருஷம் பட்டாணியின் அத்தை, அதாவது தையல்காரியின் நாத்தனார், தன் மகனோடு சேர்த்துப் பட்டாணியையும் தீம் பார்க்குக்கு அழைத்துப் போயிருந்தாள். அங்கே 'பறக்கும் கழுகு' என்று ஒரு ரோலர் கோஸ்டர். சிவப்புத் தண்டவாளம் வானத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கும். அதன் வாசலில் ஒரு மரக்கழுகு இறக்கையை நீட்டிக்கொண்டிருக்கும். இறக்கையைத் தலை தொட்டால் ஏறலாம். தொடாவிட்டால் கீழே நின்று கையசைக்கலாம். அத்தை மகன் ஏறினான். பட்டாணி கையசைத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவன் வரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் கழுகு இன்னும் கொஞ்சம் உயரப் பறந்தது. கடைசியாகச் சொன்னபோது மேகம் மூக்கில் ஏறித் தும்மல் வந்ததாம்.

"பொய்! போன தடவை மேகமே இல்ல!" என்று பட்டாணி கத்தினாள்.

"ஏறாதவங்களுக்கு என்ன தெரியும்? போ, போய் கையசை."

அன்றைக்கே பட்டாணி அப்பாவின் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். கழுகு இறக்கையின் உயரம் பார்க் இணையதளத்தில் இருந்தது. அப்பா மிகச் சரியாக அளந்து, படுக்கையறைக் கதவு நிலையில் சிவப்புக் கோடு போட்டார். அதற்குக் கீழே பட்டாணியை நிறுத்தி, தலைமேல் மர ஸ்கேலை வைத்து, துணிக்குக் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியால் குறி போடுவது அம்மாவின் வேலை. வேறு யார் போடுவார்கள்? அளவெடுப்பதில் அந்தத் தெருவுக்கே அவள்தான் நீதிபதி.

நீலக் குறி மாதாமாதம் ஏறியது. ஒரு நாள் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை தாண்டிப் போய் நின்றது. பட்டாணி போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் குழாய் உடைந்துவிட்டதோ என்று இறங்கி வந்து பார்த்தார். அன்று மாலையே அப்பா டிக்கெட் வாங்கிவிட்டார்.

செய்தி கேட்டு நாத்தனார் வந்து இறங்கினாள். மகனுக்குப் பரீட்சை. அவன் வரமுடியாது. ஆனால் வழிகாட்டி இல்லாமல் தம்பி குடும்பம் தொலைந்துபோய்விடும் என்று அவளுக்குத் திடமான நம்பிக்கை.

"கேட்டுக்கோம்மா. லீவு நாள்ல போனா மனுஷ முதுகைத்தான் பாக்கலாம். வேலை நாள்லதான் போகணும். கேட் திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கணும். உள்ள போனதும் எல்லாரும் முதல்ல கண்ணுல படுற ராட்டினத்துலயே மொய்ப்பாங்க. நாம நிக்காம கடைசி வரைக்கும் நடந்துடணும். கழுகு அங்கதான் இருக்கு. அப்புறம், தண்ணிச் சறுக்கலுக்குக் கடைசியா போகணும். நான் போன வருஷம் முதல்லயே போயிட்டு நாள் பூரா ஈரத்துணியா நடந்தேன்." சொல்லி முடித்ததும் ஒரு தும்மல் போட்டாள்.

"அதான் இப்பவும் தும்முறியா?" என்றார் தம்பி.

"டேய், நீ சும்மா இரு. சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு, அதைச் சொல்லு."

சாப்பாடு என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரிய கேன்டீனில் ஷிப்டு ஷிப்டாக ஆட்களைச் சாப்பிட வைக்கிற மனிதர். "பசிச்ச பிறகு வரிசையில நிக்கிறவன் ஏமாளி. கூட்டம் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நாம உக்காந்துடணும். அப்பதான் எண்ணெய் புதுசு, மேசை சுத்தம், பரிமாறுறவனுக்கும் சிரிக்கத் தெம்பு இருக்கும். கழுகுக்கு அடியிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. மேசை சொல்லி வெச்சுட்டேன். ஆனா ஒண்ணு, ஏறினதுக்கு அப்புறம்தான் சாப்பாடு. சாப்பிட்டுட்டு ஏறினா, சாப்பாடு நம்மள விட வேகமா இறங்கும்."

"நான் பையைப் பாத்துக்கிறேன்" என்றாள் தையல்காரி அவசரமாக. "எல்லாரும் ஏறினா பையை யாரு பாத்துக்கிறது?"

"உனக்குப் பை ஒரு சாக்கும்மா" என்று அக்கா குரலிலேயே போட்டுடைத்தார் தம்பி. அடக்கமுடியாமல் எல்லாரும் சிரித்தார்கள்.

தையல்காரி தன் பங்குக்கு மும்முரமாக இறங்கினாள். மொத்தக் கடையில் மலிவாகக் கிடைத்த துணித் துண்டில், கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறத்தில், நான்கு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தவறவிட மாட்டார்கள் அல்லவா? பட்டாணியின் சட்டைக் கைக்கு உட்புறம் அப்பாவின் போன் நம்பரை நூலால் பின்னினாள். சட்டை பட்டாணிக்கு முட்டிவரை வந்தது.

"அம்மா, இது கவுனா?"

"வளர்ற பிள்ளைடி. அடுத்த வருஷம் பாரு."

பையில் மாற்று உடை, காலியான தண்ணீர் பாட்டில்கள் (உள்ளே குழாய் இருக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம் என்பது நாத்தனார் வாக்கு), போன்களைப் போட்டு மூட பிளாஸ்டிக் உறை, எல்லாருக்கும் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ். கிளம்புகிற அன்று பட்டாணி விடிவதற்கு முன்பே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் அவர்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான். கேட் திறந்தது. இசை பொங்கியது. எல்லாரும் முதல் ராட்டினத்தில் மொய்த்தார்கள். நாத்தனார் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "நிக்காதீங்க! நடங்க!" என்று படைத்தளபதி மாதிரி முன்னே போனாள். நடக்க நடக்க ஒரு விஷயம் புலப்பட்டது. குப்பை பொறுக்குகிறவர், ஐஸ்கிரீம் வண்டிக்காரர், வழி சொல்கிற பெண், எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை. அதே துணி. அதே ஆரஞ்சு.

"சார், டாய்லெட் எந்தப் பக்கம்?" என்று ஒருவர் வந்து அப்பாவிடம் கேட்டார்.

அப்பா மனைவியைப் பார்த்தார். தையல்காரி வானத்தைப் பார்த்தாள்.

"அதான் மலிவாக் குடுத்தானா?" என்றார் அவர். பிறகு வந்தவரிடம் திரும்பி, மிகுந்த பொறுப்போடு, "நேரா போய் இடது பக்கம் சார். அப்படியே ஒரு யோசனை. சாப்பாட்டுக்கு சீக்கிரமா போயிடுங்க" என்றார். அவருக்கு அந்த உத்தியோகம் பிடித்துப்போய்விட்டது. போகிற வழியெல்லாம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

கழுகு தெரிந்தது. தலைக்கு மேலே தண்டவாளம் அதிர்ந்தது. காலி வண்டி ஒன்று ஒத்திகைக்காக உச்சியில் ஏறி, ஒரு கணம் நின்று, அப்படியே தலைகுப்புற விழுந்தது. பட்டாணி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். தையல்காரி மேலே பார்க்காமல் மகளின் ஷூவையே பார்த்து நடந்தாள்.

வரிசையே இல்லை. மரக்கழுகு இறக்கையை நீட்டி நின்றது. அளவு பார்க்கிற பெண் சிரித்து, "வாங்க மேடம், இப்படி நேரா நில்லுங்க" என்று பட்டாணியை இறக்கைக்குக் கீழே நிறுத்தினாள். ஒரு சின்ன மட்டப்பலகையைப் பட்டாணியின் தலையில் வைத்தாள்.

"அம்மா, கையை எடுங்க" என்றாள்.

தையல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை, யாரும் சொல்லாமல், எப்போது போனது என்றே தெரியாமல், மட்டப்பலகையின் வெளி விளிம்பின்மேல் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு விரல்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கையாக. துணியில் வைக்கிற மாதிரியே. அந்த விரல்களுக்கு மேலே சாக்குக்கட்டி மட்டும்தான் இல்லை.

அவள் கையை எடுத்தாள். மட்டப்பலகைக்கும் இறக்கைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு விரல் அகலம்.

"கொஞ்சம்தாம்மா குறையுது. அடுத்த தடவை கண்டிப்பா" என்றாள் அந்தப் பெண் மெதுவாக.

பட்டாணி நகரவில்லை. "இல்ல. எங்க வீட்டுக் கதவுல தாண்டிட்டேன். எங்கம்மாதான் அளந்தாங்க. அவங்க டெய்லர்" என்றாள். அந்த டெய்லர் என்ற சொல்லில் அவ்வளவு பெருமை இருந்தது.

நாத்தனார் அவளை ஓரமாக இழுத்தாள். "பையில சாக்ஸ் இருக்குல்ல? ஷூக்குள்ள ரெண்டு ஜோடி மடிச்சு வை. ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். இந்தப் பொண்ணா பாக்கப் போறா? துணியை உயர்த்தவும் இறக்கவும் உனக்குத் தெரியாதா?"

தெரியும். குதிகாலில் எவ்வளவு மடிப்பு வைத்தால் எவ்வளவு ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பையின் ஜிப்பில் கை வைத்துவிட்டாள். அப்போது அடுத்த வண்டி கிளம்பத் தயாரானது. ஒரு பையன் உட்கார்ந்தான். மேலிருந்து இரும்புக் கம்பி இறங்கி வந்து அவன் தோளையும் மார்பையும் பிடித்தது. பிடித்தது என்றால், சரியான சட்டை உடம்பில் உட்காருகிற மாதிரி, எங்கும் ஒரு தொளதொளப்பு இல்லாமல். தையல்காரி தன் மகளைப் பார்த்தாள். ஆரஞ்சுச் சட்டையின் தோள் வழிந்து, பாதிக் கைக்கு வந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஜிப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"வேணாம் அண்ணி. சட்டை லூஸா இருந்தா அடுத்த வருஷம் சரியாகும். இந்தக் கம்பி லூஸா இருந்தா?"

நாத்தனார் மேலே பார்த்தாள். தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தவர்களின் அலறல் காதில் விழுந்தது. தன் யோசனையைத் தானே வாபஸ் வாங்கினாள். அது அவள் வாழ்க்கையில் அபூர்வம்.

தையல்காரி மகளுக்கு முன்னால் குந்தினாள். "பட்டாணி, இங்க பாரு. தப்பு ஸ்கேல்ல இல்ல. என் கையில. பிள்ளைங்களுக்கு அளவெடுத்து அளவெடுத்து, கை தானா ரெண்டு விரல் கூட்டிடுது. உன் தலைக்கு மேலயும் கூட்டியிருக்கேன். ஒவ்வொரு மாசமும். எனக்கே இப்பதான் தெரியும்."

"அப்ப நான் வளரவே இல்லையா?"

"வளர்ந்திருக்க. நான் சொன்ன அளவு இல்ல."

பட்டாணி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அத்தை மகனின் மேகத்தையும் தும்மலையும் கேட்கும்போது வருகிற முகத்தோடு அம்மாவைப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று சாப்பாட்டுக் கடைக்குள் போய்விட்டாள்.

அப்பா சொன்னபடியே மேசை சுத்தமாக இருந்தது. எண்ணெய் புதுசாக இருந்தது. பரிமாறுகிற பையன் சிரித்தான். வறுத்த கோழி, உருளைக்கிழங்கு, வெண்ணெய் போட்ட சோளம், நாத்தனாருக்கு சூப். கடையில் வேறு யாருமே இல்லை. தலைக்கு மேலே கழுகு பறக்கிற ஒவ்வொரு தடவையும் மேசைமேல் தண்ணீர் டம்ளர்கள் கிணுகிணுவென்றன. எல்லாம் திட்டப்படியே நடந்தது. சாப்பிட வேண்டியவள் மட்டும் சாப்பிடவில்லை.

"ஒரு வாய்டா. பொன் நிறமா வறுத்திருக்கான், பாரு" என்றார் அப்பா. அடுத்தவர் சமையலைப் பாராட்டுவது அவருக்கு எளிதல்ல. மகளுக்காகச் செய்தார்.

"வேணாம்."

"சரி, நான் கழுகுல ஏறிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்."

"நீங்க வேணாம்." பட்டாணி டம்ளரை நகர்த்தினாள். "அம்மா போகட்டும்."

மேசையில் மூன்று பேரும் கையை நிறுத்தினார்கள்.

"நானா? பை..."

"பையை நான் பாத்துக்கிறேன். நீதானே தப்பா அளந்த? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. ஆனா ஒண்ணு." பட்டாணி இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினாள். "கூட்டிச் சொல்லக் கூடாது. நடந்தது நடந்தபடி. அவனை மாதிரி மேகம், தும்மல் எல்லாம் வரக்கூடாது."

"ஸ்டூல்லயே ஏறமாட்டா உங்கம்மா" என்றாள் நாத்தனார்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தையல்காரி எழுந்தாள். வாயிலிருந்த ஒரு துண்டு உருளைக்கிழங்கைத் தவிர இன்னும் எதுவும் உள்ளே போகவில்லை என்பது, யோசித்துப் பார்த்தால், நல்லதாகத்தான் போயிற்று.

தனியாக வருகிறவர்களுக்கென்று பக்கவாட்டில் ஒரு வரிசை இருந்தது. எங்கே ஒரு இருக்கை காலியோ அங்கே உட்கார வைப்பார்கள். அளவு பார்க்கிற பெண் அவளைப் பார்த்துச் சிரித்து நேராக உள்ளே அனுப்பினாள். முன்வரிசையில் ஒரு இடம் காலி. முன்வரிசையேதானா வேண்டும்? கம்பி இறங்கியது. தோளைப் பிடித்தது. கச்சிதம், என்று அவளுக்குள் இருந்த தையல்காரி ஒப்புக்கொண்டாள். அதற்கு மேல் ஒப்புக்கொள்ள நேரமில்லை. வண்டி நகர்ந்துவிட்டது.

டக் டக் டக் என்று ஏறியது. அவளுடைய பழைய மிதிமெஷின் சத்தம் மாதிரியே இருந்தது. அதையே பிடித்துக்கொண்டாள். இது மெஷின், இது மெஷின், நான் காலர் தைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன், "ஆன்ட்டி, நீங்க இங்க வேலை பாக்குறவங்கதானே? இது சேஃப்தானே?" என்று கேட்டான். ஆரஞ்சுச் சட்டை! "பேசாம வாப்பா!" என்று கத்தினாள். உச்சி வந்தது. கீழே சாப்பாட்டுக் கடைக்கு வெளியே மூன்று ஆரஞ்சுப் புள்ளிகள். அதில் சின்னப் புள்ளி கையசைத்தது.

பிறகு உலகம் கழன்று விழுந்தது.

வயிறு மேலேயே தங்கிவிட்டது. அவள் மட்டும் இறங்கினாள். காற்று கன்னத்தைப் பின்னுக்குத் தள்ளியது. எங்கோ ஒரு பெண் அலறுகிறாளே, யாருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தாள். அலறியது அவள்தான். தலைகீழாகப் போனபோது வானம் காலடியில் இருந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, மரங்களின் தலை, மறுபடி வானம். மூன்றாவது வளைவில் அந்த அலறலுக்குள் ஏதோ மாறியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி, வாய் விட்டு, அடக்கமுடியாமல்.

இறங்கி வந்தபோது ஜடை அவிழ்ந்து முகத்தில் அப்பியிருந்தது. கால் தரையைத் தேடித் தேடி வைத்தது. கணவர் ஓடி வந்து பிடித்தார்.

"தண்ணி குடி."

"தண்ணி இருக்கட்டுங்க. அவ எங்க?"

பட்டாணி பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். உதட்டோரத்தில் கோழியின் எண்ணெய் மினுங்கியது. அம்மா பறந்துகொண்டிருந்தபோது யாரும் சொல்லாமலேயே ஒரு துண்டு உள்ளே போயிருக்கிறது.

"சொல்லு. ஏறும்போது?"

"மெஷின் சத்தம். டக் டக்னு. அழுகை வந்துச்சு."

"அழுதியா?"

"ஒரு சொட்டு. காத்துல எங்க போச்சுன்னு தெரியல."

"மேகம்?"

"இல்லவே இல்ல. உன்னைத்தான் பாத்தேன், இத்தனூண்டு."

"தலைகீழா போனப்ப?"

"வானம் காலுக்குக் கீழ இருந்துச்சுடி! சத்தியமா! பயம் போயிடுச்சு. சிரிச்சேன். ஏன்னு தெரியல."

பட்டாணியின் கண் விரிந்துகொண்டே போனது. முகத்தில் இருந்த கோபம் எந்த இடத்தில் இறங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. "முதல்ல விழுமே, அந்தப் பெரிய இறக்கம்? அது எப்படி இருந்துச்சு? எல்லாம் என்ன மாதிரி தெரிஞ்சுது?"

தையல்காரி வாயைத் திறந்தாள். சொல்வதற்கு எவ்வளவோ வந்தது. ஊரே தெரிந்தது என்று சொல்லலாம். தெரிந்துதான் இருக்கும். மகள் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! வலது கையின் இரண்டு விரல்கள் தாமாகவே எழுந்தன. அவள் அந்தக் கையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அது தெரியாதுடி."

"ஏன்?"

"கண்ணை மூடிட்டேன்."

நாத்தனார் கெக்கலித்துச் சிரித்தாள். பட்டாணி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவை மேலும் கீழும் அளந்து பார்த்தாள். பிறகு பையைத் தூக்கித் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். பை முட்டிவரை தொங்கியது.

"அப்ப மறுபடி போ. இந்தத் தடவை கண்ணைத் திறந்து."

அவள் சொல்லி முடிப்பதற்குள், தையல்காரி ஜடையை முடிந்துகொண்டு, பக்கவாட்டு வரிசையைப் பார்த்துப் பாதி ஓட்டமாக நடந்துகொண்டிருந்தாள். "என்னங்க, கோழியில எனக்கு ஒரு துண்டு எடுத்து வைங்க!" என்ற குரல் மட்டும் திரும்பி வந்தது.